38 இருந்தது 27 ஆனது: இவர் மாறியிருக்கிறாரா?

கேட்டவர் பயிற்சியில் இருக்கும் உளவியலாளர். கேள்வி நீளமானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடமாக முதுகுவலியோடு இருக்கும் ஒருவருக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சை, அதாவது சிபிடி, பத்து அமர்வுகள் கொடுத்திருக்கிறார். வலியைப் பற்றிய பயமும் கெட்ட கற்பனையும் எவ்வளவு என்று பார்க்கும் கேள்வித்தாளில் தொடக்கத்தில் 38, முடிவில் 27. பூஜ்யம் முதல் பத்து வரை சொல்லச் சொல்லும் வலி அளவு 7-லிருந்து 6. ஒரு மேற்பார்வையாளர் "நல்ல முன்னேற்றம், அப்படியே எழுதுங்கள்" என்கிறார். இன்னொருவர் "இதெல்லாம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும்" என்கிறார். யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி.

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். ஒருவர் மாறினாரா என்று கேட்கும்போது நாம் மூன்று விஷயங்களைச் சேர்த்துக் கேட்டுவிடுகிறோம். எண்ணில் தெரியும் வித்தியாசம், அளவுகோல் சும்மாவே ஆடும் ஆட்டத்தைத் தாண்டியதா? தாண்டியிருந்தால் அது அந்த ஆளுடைய வாழ்க்கையில் எதையாவது அசைத்ததா? அசைத்திருந்தால் அதற்குக் காரணம் நம் சிகிச்சைதானா? மூன்றுக்கும் வழி வேறு, ஆதாரம் வேறு. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை இன்னொன்றுக்கும் வைத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் நடக்கும் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

முதல் கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. நீல் ஜேக்கப்சனும் போலா ட்ரூவாக்ஸும் 1991-இல் எழுதிய கட்டுரையில் வந்த முறையைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். நம்பகமான மாற்றக் குறியீடு என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். யோசனை எளிது. எந்தக் கேள்வித்தாளும் ஒரே ஆளிடம் ஒரே நிலையில் இரண்டு முறை கொடுத்தால் ஒரே எண்ணைத் தராது. அந்த ஆட்டம் எவ்வளவு என்று தெரிந்தால், அதை மீறிய மாற்றத்தை மட்டும் மாற்றம் என்று எண்ணலாம். ஆட்டத்தைக் கணக்கிட இரண்டு எண்கள் போதும்: நோயாளிகளிடையே மதிப்பெண் எவ்வளவு சிதறிக் கிடக்கிறது என்ற திட்டவிலக்கம், கேள்வித்தாளின் நம்பகத்தன்மை (பூஜ்யம் முதல் ஒன்று வரை போகும் எண், ஒன்றை நெருங்க நெருங்க ஆட்டம் குறைவு). ஒன்றிலிருந்து நம்பகத்தன்மையைக் கழித்து வர்க்கமூலம் எடுத்துத் திட்டவிலக்கத்தால் பெருக்கினால் ஒரு முறை அளப்பதில் உள்ள பிழை வரும். இரண்டு முறை அளக்கிறோம் என்பதால் அதை 1.41-ஆல் பெருக்க வேண்டும். வருவதை 1.96-ஆல் பெருக்கினால் அதுதான் தாண்ட வேண்டிய கோடு.

உங்கள் ஆளுடைய எண்ணைப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் பயன்படுத்தியது மைக்கேல் சல்லிவனும் சகாக்களும் 1995-இல் வெளியிட்ட தாள் என்று நினைக்கிறேன்: 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 52. உங்கள் மருத்துவமனைக்கு வருபவர்களிடம் திட்டவிலக்கம் 12 என்று வைத்துக்கொள்வோம். நம்பகத்தன்மை 0.92 என்று போட்டால் ஒரு முறைப் பிழை 3.4, இரண்டு முறைக்கு 4.8, கோடு 9.4. உங்கள் ஆள் 11 புள்ளி இறங்கியிருக்கிறார், தாண்டிவிட்டார், முதல் மேற்பார்வையாளருக்கு வெற்றி. இப்போது அதே இடத்தில் 0.75 போடுங்கள். ஒரு முறைப் பிழை 6, இரண்டு முறைக்கு 8.5, கோடு 16.6. அதே 11 புள்ளி இப்போது கோட்டுக்குக் கீழே நிற்கிறது, இரண்டாமவருக்கு வெற்றி.

நம்பகத்தன்மை என்று ஆய்வுக்கட்டுரைகளில் வரும் எண் ஒரே வகை அல்ல என்பதால்தான் இப்படி. ஒரே உட்காரலில் பதிமூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது ஒரு வகை, இது பெரும்பாலும் உயரமாக வரும். சிகிச்சை எதுவும் இல்லாமல் சில வாரம் கழித்து அதே ஆட்களிடம் மறுபடி கொடுத்தால் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது இன்னொரு வகை, இது தாழ்வாக வரும், இடைவெளி கூடக்கூட இன்னும் தாழும். இரண்டில் எதைப் போட வேண்டும் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. இரண்டாம் வகையைப் போட்டால் வாழ்க்கையில் இயல்பாக வரும் ஏற்ற இறக்கமும் பிழைக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது, உண்மையான மாற்றத்தையும் நாம் தள்ளிவிடுவோம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நாள்பட்ட வலியில் நான் எதிர்ப்பக்கம். வலி தானாகவே ஏறி இறங்கும் நோய்தான், நல்ல மாதமும் கெட்ட மாதமும் எல்லோருக்கும் உண்டு, அந்த இயல்பான ஆட்டத்தையும் தாண்டியதா என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டும். பத்து அமர்வு என்றால் ஏறக்குறைய மூன்று மாதம். ஒரே உட்காரலில் வந்த எண்ணை வைத்து மூன்று மாத மாற்றத்தை எடைபோடுவது சரியில்லை.

ஆகவே உங்கள் அறிக்கையில் எந்த எண்ணைப் போட்டீர்கள், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரி கண்டிப்பாக எழுதுங்கள். அந்த வரி இல்லாமல் "நம்பகமான மாற்றம் அடைந்தார்" என்று படித்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

கோட்டைத் தாண்டவில்லை என்றால் மாறவில்லை என்று அர்த்தமில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. இந்த அளவுகோலால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதுதான் அர்த்தம். 11 புள்ளியும் நிஜமாகவே இறங்கியிருக்கலாம், நம் கண்ணாடி மங்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஆபத்து உண்டு. 1.96 என்பது 95 சதவீதக் கணக்கு என்பதால் எதுவுமே மாறாத நூறு பேரிலும் இரண்டு மூன்று பேர் முன்னேறியதாகவும் இரண்டு மூன்று பேர் மோசமானதாகவும் வந்து விழுவார்கள். அப்புறம் நாம் ஒரே ஒரு தாளா கொடுக்கிறோம்? வலி, மனச்சோர்வு, பதற்றம், அசைவு பயம், தன்னம்பிக்கை, தூக்கம் என்று ஆறு தாள். ஆறும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்றால் எதுவும் மாறாத ஒருவருக்கு ஏதாவது ஒன்றில் கோடு தாண்ட வாய்ப்பு கால்வாசிக்கும் கொஞ்சம் அதிகம். நிஜத்தில் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் இது சற்றுக் குறையும், ஆனாலும் சின்ன எண் இல்லை. அதனால் எந்தத் தாள் முக்கியம் என்பதை சிகிச்சை தொடங்கும் முன்பே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிடுங்கள். முடிந்த பிறகு எது நன்றாக வந்திருக்கிறது என்று தேடினால் எப்போதும் ஏதாவது ஒன்று கிடைத்தே தீரும்.

இன்னொரு விஷயம், பலர் தவறவிடுவது: சராசரியை நோக்கிய பின்வாங்கல். பிரான்சிஸ் கால்டன் 1886-இல் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்துக் காட்டியது. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பார்த்தால் பெற்றோரை விடக் கொஞ்சம் குட்டை. வலி மருத்துவமனையில் இது தினமும் நடக்கிறது. மனிதர்கள் வலி தாங்க முடியாத வாரத்தில்தான் உதவி கேட்டு வருகிறார்கள், அந்த வாரத்து எண்ணைத்தான் நாம் தொடக்கம் என்று எழுதுகிறோம். உங்கள் மருத்துவமனைச் சராசரி 26 என்று வைத்துக்கொள்ளுங்கள், மறு அளவீட்டு ஒப்புமை, அதாவது மேலே சொன்ன இரண்டாம் வகை நம்பகத்தன்மை, 0.75. தொடக்கத்தில் 38, சராசரியை விட 12 மேலே. ஒன்றும் செய்யாமல் விட்டாலே அடுத்த முறை எதிர்பார்க்கக்கூடிய எண் 26-உடன் 12-இன் முக்கால் பங்கைக் கூட்டியது, அதாவது 35. ஆக அந்த 11 புள்ளியில் மூன்று, சிகிச்சை அறைக்குள் வராமலேயே கிடைத்திருக்கக் கூடியது. ஜேக்கப்சன் சூத்திரம் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிறகு வந்தவர்கள் இதைச் சரிசெய்யப் பல மாற்றுச் சூத்திரங்கள் சொன்னார்கள், ஆனால் எனக்குப் பிடித்த தீர்வு எளிது: தொடக்கத்தில் ஒரு தடவை அளக்காமல் இரண்டு மூன்று வாரங்களில் நான்கைந்து தடவை அளந்துவிடுங்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. வாழ்க்கையில் எதையாவது அசைத்ததா?

இதற்கும் ஜேக்கப்சன் ஒரு வழி சொல்லியிருந்தார். நோயாளிகள் கூட்டத்தை விட்டு நல்ல நிலையில் இருப்பவர்கள் கூட்டத்துக்குள் ஒருவர் நுழைந்துவிட்டாரா என்று பார்ப்பது. மனச்சோர்வுக்கு இது பொருந்தும், மனச்சோர்வு இல்லாத ஆட்களிடமும் அதே தாளைக் கொடுத்துப் பார்க்கலாம். நாள்பட்ட வலியில் இது இடறுகிறது. மைக்கேல் நிக்கோலஸ் உருவாக்கிய பத்துக் கேள்வித் தாளை எடுத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 60. வலி இருந்தாலும் வீட்டு வேலை செய்ய முடியும், வலி இருந்தாலும் நண்பர்களைப் பார்க்க முடியும் என்ற வகையில் நம்பிக்கையைக் கேட்கும். வலியே இல்லாத ஒருவரிடம் இதைக் கொடுத்தால் அவர் என்ன எழுதுவார்? அவருக்கு அந்தக் கேள்வியே இல்லை. பிறகு எந்த ஆரோக்கியமான கூட்டத்தோடு ஒப்பிடுவது? அதோடு, ஏழு வருடமாக முதுகுவலியோடு இருப்பவர் வலியே இல்லாதவர் வரிசையில் போய் நிற்க வேண்டும் என்பது எந்த உளவியல் சிகிச்சையும் கொடுக்காத வாக்குறுதி. கொடுக்காத வாக்குறுதியை வைத்து சிகிச்சையையும் ஆளையும் தோற்றதாகக் குறிப்பது அநியாயம்.

வலி அளவு 7-லிருந்து 6 ஆனதற்கு வருகிறேன். இதற்குப் பரவலாகப் பயன்படும் அளவு, ஜான் ஃபாரரும் சகாக்களும் 2001-இல் சொன்னது: 0–10 அளவில் ஏறக்குறைய 2 புள்ளி அல்லது 30 சதவீதம் இறங்கினால் நோயாளிகள் தாங்களே "மிகவும் முன்னேறிவிட்டேன்" என்கிறார்கள். பத்து மருந்துச் சோதனைகள், 2,700-க்கும் மேற்பட்ட ஆட்கள். வலிச் சோதனைகளில் எதை எப்படி அளப்பது என்று கூடிப் பேசும் இம்பாக்ட் குழு 2008-இல் அதை இன்னும் விரித்து, 10 முதல் 20 சதவீதம் என்றால் சிறு அளவில் முக்கியம், 30 என்றால் நடுத்தரம், 50 என்றால் பெரிது என்று பரிந்துரைத்தது. உங்கள் ஆளுக்கு 14 சதவீதம். சிறு அளவு.

ஆனால் அந்த 30 சதவீதம் எங்கே பிறந்தது என்று பாருங்கள். பிரிகாபலின் மாத்திரைச் சோதனைகளில். வலியைக் குறைப்பதற்காகவே விழுங்கும் மாத்திரை. நாம் கொடுப்பது அது இல்லை. வில்பர்ட் ஃபோர்டைஸ் எழுபதுகளிலேயே கவனத்தை வலியிலிருந்து நடத்தைக்குத் திருப்பினார்: ஆள் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார், எவ்வளவு தூரம் நடக்கிறார், என்னென்ன வேலையைக் கைவிட்டிருக்கிறார். பின்னால் வந்த ஏற்பு சார்ந்த சிகிச்சைகளோ, வலியை ஏற்றுக்கொண்டு வாழப் பழக்குபவை, வலியைக் குறைப்பது எங்கள் இலக்கே இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. ஒருவர் பத்து நிமிடம் நடந்துகொண்டிருந்தார், வலி 7. இப்போது நாற்பது நிமிடம் நடக்கிறார், வலி அதே 7. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு மாற்றம் பூஜ்யம். நான்கு மடங்கு நடந்தும் வலி கூடவில்லை என்பதை அந்த எண்ணால் சொல்ல முடியாது, அது அதற்காகச் செய்யப்பட்டதில்லை.

சரி, நோயாளியையே நேராகக் கேட்டுவிடலாமே, "சிகிச்சைக்கு முன் இருந்ததை விட இப்போது எப்படி?" என்று ஏழு படிகளில் ஒரு கேள்வி கேட்கும் வழக்கம் உண்டு. கேட்கத்தான் வேண்டும், கேட்காமல் விடுவது மரியாதைக் குறைவு. ஆனால் அந்தப் பதிலை மாற்றத்தின் அளவாக அப்படியே எடுக்க முடியாது. மூன்று மாதத்துக்கு முன் எப்படி இருந்தோம் என்பது யாருக்கும் துல்லியமாக நினைவில் இருப்பதில்லை, அதனால் இன்று எப்படி இருக்கிறோமோ அதுவே பதிலில் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. நல்ல நாளில் கேட்டால் நிறைய முன்னேற்றம், கெட்ட நாளில் கேட்டால் ஒன்றுமே இல்லை. வலியின் நினைவு வேலை செய்யும் விதமும் தனி. டொனால்ட் ரெடெல்மையரும் டேனியல் கானமனும் 1996-இல் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு வந்தவர்களிடம் காட்டியபடி, வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட உச்சத்தில் எப்படி இருந்தது, கடைசியில் எப்படி இருந்தது என்பதே நினைவை ஆள்கிறது. "கடந்த ஒரு வாரத்தில் சராசரியாக உங்கள் வலி எவ்வளவு?" என்று நாம் கேட்கும்போது அந்தச் சராசரியை யாரும் மனதில் கூட்டி வகுத்துச் சொல்வதில்லை.

அளவுகோலின் அர்த்தமே மாறிப்போவதும் நடக்கும், சிகிச்சை நன்றாக வேலை செய்யும்போதுதான் இது அதிகம். சிகிச்சைக்கு முன் ஒருவருக்கு "மிகவும் பயமாக இருக்கிறது" என்பதன் பொருள் ஒன்று. பத்து அமர்வுகளில் தன் எண்ணங்களைக் கவனித்துப் பழகிய பிறகு, முன்பு கண்ணில் படாத பயங்களையும் அவர் கவனிக்கிறார், அதனால் மதிப்பெண் இறங்காமல் நிற்கலாம், ஏறக்கூட ஏறலாம். நேர்மாறாக, எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு எண்ணை இறக்குபவர்களும் உண்டு. இரண்டையும் தாளை வைத்துப் பிரிக்க முடியாது, உட்கார்ந்து பேசித்தான் பிரிக்க முடியும். ஒரு கேள்வியில் அவர் 4-இலிருந்து 1-க்கு வந்திருந்தால் அந்தக் கேள்வியைத் திறந்து வைத்து, "அன்றைக்கு 4 போட்டபோது எந்த நாளை நினைத்துப் போட்டீர்கள், இன்றைக்கு 1 போட்டபோது எதை நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. எனக்குத் தெரிந்து புள்ளிவிவர மென்பொருள் எதுவும் தராத தகவல் இதில் கிடைக்கும்.

இனி மூன்றாவது கேள்வி, சிகிச்சைதான் காரணமா என்பது. முன்னும் பின்னும் இரண்டே எண்களை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்லவே முடியாது. கோட்டைத் தாண்டினாலும் முடியாது. அந்த மூன்று மாதத்தில் அவருக்கு வேலை மாறியிருக்கலாம், வழக்கு ஒன்று முடிந்திருக்கலாம், மருந்து மாறியிருக்கலாம், கெட்ட காலம் தானாகவே கழிந்திருக்கலாம்.

குழுச் சோதனைகள் இதைச் சராசரிக்குச் சொல்கின்றன, ஆளுக்குச் சொல்வதில்லை. ஆமாண்டா வில்லியம்ஸும் சகாக்களும் 2020-இல் வெளியிட்ட காக்ரேன் மீளாய்வில், அதாவது நடந்த சோதனைகளைச் சேர்த்து எடைபோடும் தொகுப்பில், 75 ஆய்வுகள், 9,401 பேர். சிபிடி-க்குக் கிடைத்த பலன் வலியிலும் இயலாமையிலும் மன வேதனையிலும் சிறியது. வேறு ஏதாவது கவனிப்போடு ஒப்பிட்டபோது மிகச் சிறியது, வலியில் திட்டவிலக்கத்தின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதைப் படித்ததும் நம்மில் பலர் உடனே ஒரு ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம்: "சராசரி சிறியதுதான், ஆனால் சிலருக்குப் பெரிய பலன், பலருக்குப் பலனில்லை, இரண்டும் கலந்து சராசரி சிறிதாகிவிட்டது." இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனைகளிலிருந்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி கொஞ்சம் பலன் கிடைத்து, அதன் மேல் ஒவ்வொருவருடைய இயல்பான ஏற்ற இறக்கமும் ஏறி உட்கார்ந்தாலும் முடிவு எண்கள் இதே போலத்தான் சிதறிக் கிடக்கும். புள்ளியியலாளர் ஸ்டீபன் சென் இதைப் பல வருடமாக எழுதிவருகிறார். சிகிச்சையே கிடைக்காத ஒப்பீட்டுக் குழுவிலும் 30 சதவீதம் இறங்கியவர்கள் இருப்பார்கள், அவர்கள் எதனால் பலன் பெற்றார்கள்? அதனால் "பலன் பெற்றவர்", "பலன் பெறாதவர்" என்று மனிதர்களுக்கு முத்திரை குத்துவதை நான் நிறுத்திவிட்டேன். அந்தக் காலகட்டத்தில் முன்னேறினார் என்று எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பலன் பெறாதவர் என்ற சொல் நோயாளியின் கோப்பில் ஏறிவிட்டால் அடுத்த மருத்துவர் அதை அவருடைய குணமாகவே படிப்பார். அடுத்த சிகிச்சைக்கான கதவு அங்கே அடைபடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதோடு சேர்த்து ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். ஸ்டீபன் மார்லி, வில்லியம்ஸ், ஹுசேன் மூவரும் 2008-இல், சோதனைக்கூடத்தில் இல்லாமல் வழக்கமான வலி மேலாண்மைத் திட்டத்துக்கு வந்த 800-க்கும் மேற்பட்டவர்களை ஆள் ஆளாக இந்த முறையில் எண்ணிப் பார்த்தார்கள். எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, மூன்றில் ஒருவரிலிருந்து ஏழில் ஒருவர் வரை முக்கியமான முன்னேற்றம் கண்டிருந்தார்கள். 1 முதல் 2 சதவீதம் பேர் நம்பகமாகவே மோசமாகியிருந்தார்கள். அந்தக் கடைசி எண்ணைத் தனியாக எடுத்துச் சொன்னதற்காகவே அந்தக் கட்டுரை மேல் எனக்கு மதிப்பு. முன்னேறியவர்களை எண்ணத் தெரிந்த நாம் மோசமானவர்களையும் அதே கோட்டை வைத்து எண்ண வேண்டும். பயந்து தவிர்த்த அசைவுகளை மெல்ல மெல்லச் செய்ய வைக்கும் சிகிச்சையில் நடுவில் சில வாரம் வலி கூடுவது சகஜம், அது வேறு. முடிந்து ஆறு மாதம் கழித்தும் கீழே இருந்தால் அது நாம் தெரிந்துகொள்ள வேண்டியது.

அப்படியானால் ஒரு ஆளுக்குக் காரணம் கண்டுபிடிக்கவே முடியாதா? முடியும், ஆனால் அதற்கு முன்பின் இரண்டு எண்கள் போதாது, ஒரு தொடர் வேண்டும். ஒற்றை ஆள் ஆய்வு என்று சொல்லப்படுவது இதுதான், மார்லி தன் கடைசிக் காலம் வரை இதைச் சொல்லிக்கொடுத்தார். எப்படி இருக்கும் என்று பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், இது நானே கட்டிய உதாரணம்.

ஒரு பெண், வயது நாற்பத்தி மூன்று, முதுகுவலி. எது மாறினால் வாழ்க்கை மாறியது என்பீர்கள் என்று கேட்டால், "மகளோடு மேசையில் உட்கார்ந்து அவள் பாடத்தைப் பார்க்க முடிய வேண்டும்" என்கிறார். சரி, அதுதான் அளவு: ஒவ்வொரு மாலையும் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார். கூடவே இரண்டு கேள்வி, பூஜ்யம் முதல் பத்து: இன்று வலி எவ்வளவு, வலியால் உடம்புக்கு ஏதோ ஆகிவிடும் என்று இன்று எவ்வளவு பயந்தீர்கள். மூன்றும் சேர்த்து ஒரு நிமிடம்தான். சிகிச்சை தொடங்கும் முன் பதினெட்டு நாள் இதை எழுதுகிறார். நிமிடங்கள் 6, 4, 9, 5, 0, 7 என்று தாழ்வாக ஆடுகின்றன, ஆனால் மேல்நோக்கிப் போகவில்லை. சிகிச்சை தொடங்குகிறது. முதல் இரண்டு வாரம் அதே ஆட்டம். மூன்றாவது வாரம் குனிவதையும் உட்காருவதையும் பயத்தோடு நேருக்கு நேர் சோதித்துப் பார்க்கும் பயிற்சி. அந்த வாரம் பயம் 8-லிருந்து 5-க்கு இறங்குகிறது, வலி 7-இலேயே நிற்கிறது, நிமிடங்கள் 12, 10, 15. ஆறாவது வாரத்தில் 25-க்குக் கீழே ஒரு நாளும் இல்லை. வலி 6, சில நாள் 7.

இந்தப் படத்தில் இருக்கும் தகவலை 38, 27 என்ற இரண்டு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிகிச்சைக்கு முன் தானாக ஏறவில்லை என்பது தெரிகிறது. சிகிச்சையின் எந்தப் பகுதி வந்தபோது அசைந்தது என்பது தெரிகிறது. முதலில் பயம், அப்புறம் நிமிடம், கடைசியில்தான் கொஞ்சம் வலி என்ற வரிசையும் தெரிகிறது. பயம்தான் பூட்டு என்று நீங்கள் நினைத்து சிகிச்சை கொடுத்திருந்தால், அந்த வரிசையே உங்கள் நினைப்புக்கான சோதனை.

இன்னும் இறுக்கலாம். தொடங்கும் நாளை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் இருபது நாட்களில் ஒன்றைச் சீட்டுப் போட்டு எடுங்கள். மாற்றம் சரியாக அந்த நாளை ஒட்டித்தான் வந்தது என்றால், தற்செயலாக அப்படி நேர இருபதில் ஒரு வாய்ப்புதான். இதற்குப் பெரிய கணக்கு வேண்டாம், மற்ற பத்தொன்பது நாட்களையும் தொடக்கம் என்று வைத்து வித்தியாசத்தைக் கணக்கிட்டு உண்மையான நாளோடு ஒப்பிட்டால் போதும். ஆனால் விளைவு உடனே வரும் என்று எதிர்பார்க்கும் சிகிச்சைக்குத்தான் இது நேராகப் பொருந்தும், மேலே சொன்ன பெண்ணைப் போல மூன்றாவது வாரத்தில் அசைபவருக்கு சிகிச்சை தொடங்கிய நாளைவிட அந்தப் பயிற்சி தொடங்கும் நாளைச் சீட்டுப் போடுவதுதான் சரி. மாத்திரை என்றால் கொடுத்து, நிறுத்தி, மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். கற்றுக்கொண்டதைத் திரும்ப வாங்க முடியாதே, அதனால் உளவியல் சிகிச்சையில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதற்குப் பதிலாக நான்கைந்து பேருக்கு வெவ்வேறு நீளக் காத்திருப்பு கொடுத்து, ஒவ்வொருவரிடமும் மாற்றம் அவரவர் தொடக்கத்தை ஒட்டி வருகிறதா என்று பார்ப்பார்கள். யோகான் ஃபிளாயனும் சகாக்களும் 2001-இல் நான்கே நான்கு முதுகுவலிக்காரர்களிடம் இரண்டு சிகிச்சைகளை வரிசை மாற்றிக் கொடுத்து தினமும் அளந்து காட்டினார்கள்: பயந்த அசைவைச் செய்து பார்க்கும் சிகிச்சை வந்தபோதுதான் பயம் இறங்கியது, அது முதலில் வந்தாலும் சரி, இரண்டாவதாக வந்தாலும் சரி. நான்கு பேர்தான், ஆனால் நானூறு பேர் சராசரியில் கிடைக்காத ஒன்று அதில் இருக்கிறது.

தினசரித் தொடரில் இரண்டு கண்ணிகள். நேற்றைய வலி இன்றைய வலியை இழுக்கும், அதனால் நாற்பது நாள் எழுதியதை நாற்பது தனித்தனிச் சாட்சி என்று எண்ணிவிடக் கூடாது. இன்னொன்று, காகித டயரியை நம்பாதீர்கள். ஆர்தர் ஸ்டோனும் சகாக்களும் 2002-இல் நாள்பட்ட வலி உள்ள 80 பேரிடம் செய்த சோதனை இது. காகித டயரி கொடுத்தவர்களின் கோப்பு அட்டையில், எப்போது திறக்கப்பட்டது என்று பதிவுசெய்யும் ஒளி உணரி ஒன்றை அவர்களுக்குத் தெரியாமல் வைத்திருந்தார்கள். குறித்த நேரத்தில் எழுதியதாக அவர்கள் சொன்னது 90 சதவீதம். நிஜத்தில் எழுதியது 11. மின்னணுக் கருவி கொடுத்தவர்களிடம் 94. அவர்களைப் பொய்யர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். வலியோடு இருப்பவர், மருத்துவரை ஏமாற்றமடையச் செய்யக் கூடாது என்று வருகைக்கு முந்தின இரவு உட்கார்ந்து வாரம் முழுவதையும் நிரப்புகிறார். ஆனால் அந்த எண்கள் நமக்குப் பயன்படாது. கைபேசியில் நேரம் பதிவாகும்படி ஒரு சின்னப் படிவம் வைத்துவிடுங்கள். தவறவிட்ட நாளைத் தவறவிட்டதாகவே விடச் சொல்லுங்கள், வெற்று இடத்துக்காக யாரும் கோபிக்கப் போவதில்லை என்று முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் ஆளுக்கு வருவோம். சிகிச்சை முடிந்துவிட்டது, சிகிச்சைக்கு முன் நாள்தோறும் அளந்த முன்தொடர் இல்லை, அதை இனி உருவாக்க முடியாது. காரணம் பற்றி எதுவும் எழுதாதீர்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "வலி குறித்த அச்ச எண்ணங்களின் மதிப்பெண் 38-லிருந்து 27-க்கு இறங்கியுள்ளது. மறு அளவீட்டு நம்பகத்தன்மை 0.75 என்று கொண்டால் இந்த இறக்கம் பிழை எல்லைக்குள் அடங்குகிறது, ஒரே உட்காரலில் கிடைக்கும் நம்பகத்தன்மை 0.92 என்று கொண்டால் அதைத் தாண்டுகிறது. வலி அளவில் மாற்றம் சிறிது. நோயாளி தன் சொற்களில் கூறிய மாற்றம் கீழே." அந்தக் கீழே என்ற இடத்தில்தான் உங்கள் அறிக்கையில் இப்போது ஒன்றுமே இல்லை. அவரை அழைத்து, அந்தப் பதிமூன்று கேள்விகளில் எது எது இறங்கியது என்று பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வேறொரு காரணத்தையும் மறைக்காமல் கேளுங்கள், "இந்த மூன்று மாதத்தில் வேறு என்ன மாறியது?" என்று. ஒரு மாதம் கழித்து ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை அதே தாளைக் கொடுங்கள். 27, 25, 28 என்று நின்றால் ஒரு எண்ணை வைத்துத் தள்ளாடியதைவிட எவ்வளவோ உறுதியாகப் பேசலாம். 36-க்குத் திரும்பினால் அதையும் எழுதுங்கள்.

அடுத்து வரப்போகும் ஆளுக்கு, சிகிச்சை தொடங்கும் முன்பே, முதல் சந்திப்பிலேயே கைபேசிப் படிவத்தைத் தொடங்கிவிடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் எப்படியும் இரண்டு மூன்று வாரம் போகத்தான் போகிறது, அந்த நாட்கள்தான் முன்தொடர்.